மூளை ஒழுகாத கம்பளித் துண்டு

பிஷ்கெக் நகரத்து ஓக் பூங்காவில் மதியமானால் கூட்டம் தாங்காது. வங்கிக்காரர்கள், வக்கீல்கள், பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் என்று எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து காலணியைக் கழற்றுவார்கள். உள்ளே ஒரு வெள்ளைக் கம்பளித் துண்டை நுழைப்பார்கள். பிறகு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மரங்களைச் சுற்றி நடப்பார்கள். சுற்றி முடித்ததும், "அடடா, தலை கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு!" என்று பூரிப்பார்கள். உள்ளே எதுவும் இல்லை என்பதை இவ்வளவு பெருமையாகச் சொன்னவர்களை அந்த நகரம் அதுவரை கண்டதில்லை.

அடியில் தன் முத்திரையைக் குத்தித் துண்டை விற்றவர் இஷென்பெக் பெரியவர். போன வருஷம்வரை சந்தையில் காலணி விற்றுக்கொண்டிருந்தார். அப்புறம் தாடி வளர்ந்தது. ஞானமும் கூடவே வளர்ந்துவிட்டது. மலைமேல் ஒரு மகான் சமாதியாம், பக்கத்தில் ஓர் ஊற்றாம், ஊற்றில் குளித்த ஆடாம், அந்த ஆட்டு மயிராம். வெறும் காலணியோடு நடந்தால் புத்தி உள்ளங்கால் வழியாக மண்ணில் ஒழுகிவிடுமாம். துண்டு போட்டால் அது உள்ளேயே நின்று வேலையில் கவனம் குவியுமாம். ஆனால் மாதம் முடிந்தால் சக்தி தீர்ந்துவிடும், புதுசு வாங்க வேண்டும். பாலைப் போல அருளுக்கும் கெட்டுப்போகும் தேதி இருந்தது.

பாலங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் பொறியாளராக இருந்தாள் பெர்மெத். அவளும் நடக்கிறவள்தான். கணக்கு சிக்கினால் எழுந்து போய், தெருவோர வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்தபடி, பனிமலை தெரியும் முனைவரை நடப்பாள். திரும்பும்போது பெரும்பாலும் விடையும் கூட வரும். இதற்குச் செலவே இல்லை. இயக்குநர் ஜெனிஷை அதுதான் உறுத்தியது.

"பெர்மெத், வெறும் காலணியோட சுத்துறியாமே?"

"கால்ல ஆணி எதுவும் குத்தலையே அண்ணே."

"விளையாடாதே. புத்தி ஒழுகிட்டிருக்கு. ஒழுகுன புத்தியில பாலம் போட்டா, நாளைக்கு யாரு பதில் சொல்றது? வெள்ளிக்கிழமை ஆபீஸே பூங்காவுக்குப் போறோம். நீயும் துண்டு போடுற. இல்லேன்னா ஆத்துப் பாலத்தைச் சமாத்கிட்ட குடுத்துடுவேன்."

பாலம் வரப்போகும் மலைக்கிராமத்துப் பிள்ளைகள் பனி உருகும் காலத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து பள்ளிக்குப் போகிறார்கள். அந்தப் பாலத்துக்காகப் பெர்மெத் இரண்டு வருஷமாக உழைத்திருக்கிறாள். பக்கத்து மேஜைப் பொறியாளன் சமாத் போன வாரம் வரைந்த படிக்கட்டோ ஆற்றுக்குள் போய் முடிந்தது. அவன் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு துண்டு போடுகிறவன்.

வியாழக்கிழமை மதியம் பூங்காவுக்குப் போய் வேடிக்கை பார்த்தாள். நம்பாதவர்களுக்குப் பெரியவர் ஒரு சோதனை வைத்திருந்தார். துண்டு இல்லாமல் காலைச் சேர்த்து நின்று, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்வார். நீட்டிய கையை லேசாக அழுத்துவார். ஆள் சாய்ந்துவிடுவான். துண்டைப் போட்டுவிட்டு முகம் சிவக்க அழுத்துவார். ஆள் தூண் மாதிரி நிற்பான். கூட்டம் 'ஆ' என்று வாயைப் பிளக்கும்.

எல்லாரும் துண்டைப் பார்த்தார்கள். பெர்மெத் பெரியவரின் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோலைத் தேடினாள்.

வெள்ளிக்கிழமை பூங்காவில், ஆபீஸ் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றாள்.

"பெரியவரே, எங்க இயக்குநர் அண்ணனுக்கே செஞ்சு காட்டுங்க. ஒரு தடவை சாதாரணக் கம்பளி. ஒரு தடவை உங்க கம்பளி. நானே மாத்தி வைக்கிறேன்."

"தாராளமா வை மகளே. சாதாரணக் கம்பளின்னா குப்புற விழுவாரு!"

அவள் ஜெனிஷின் காலணிகளை மரத்துக்குப் பின்னால் கொண்டுபோனாள். "இப்போ சாதாரணம்" என்று கொண்டுவந்து கொடுத்தாள். பெரியவர் விரலால் அழுத்தினார். இயக்குநர் புல்லில் மண்டியிட்டார். மறுபடி மரத்துக்குப் பின்னால் போனாள். "இப்போ உங்களோடது." பெரியவர் அவர் நீட்டிய கையில் இரண்டு கையாலும் தொங்கினார். இயக்குநர் அசையவில்லை.

"பாத்தியா! உள்ளங்கால்லேருந்து உச்சிவரைக்கும் சுர்ருனு ஏறுது!"

"ஏறினது என்னன்னு கழட்டிப் பாருங்க அண்ணே."

ஜெனிஷ் கழற்றினார். அடியில் பெரியவரின் முத்திரை இல்லை. பழுப்பு முடி ஒட்டியிருந்தது. முத்திரைத் துண்டு, அவர் மண்டியிட்டபோது காலில் இருந்தது.

"இது... என்னது?"

"எங்க வாட்ச்மேன் நாய் படுக்குற விரிப்பு. கழுவித்தான் வெட்டினேன்."

யாரோ பொருமினார்கள், யாரோ சிரித்தார்கள். பெரியவர் அசரவில்லை. "அந்த நாய் என் பக்கமா வந்து போயிருக்கும். சக்தி ஒட்டிக்கிச்சு!"

"அப்போ உங்களுக்கு நிறையவே ஒட்டியிருக்கணும். கையை நீட்டுங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. நீட்டாமல் என்ன செய்வார்? பெர்மெத் சுண்டுவிரலை அவர் மணிக்கட்டில் மாட்டி, கீழேயும் கொஞ்சம் வெளிப்பக்கமாகவும் இழுத்தாள். பெரியவர் புல்லில் கிடந்தார். ஒரு காலணி கழன்று உருண்டது. உள்ளே கம்பளி இல்லை, வெறும் தோல். பழைய காலணி வியாபாரி அல்லவா, கம்பளி வைத்தால் கால் வேர்க்கும் என்று அவருக்குத் தெரியாதா?

பெர்மெத் சமாத்தை நிறுத்தி எல்லாருக்கும் காட்டினாள். "கையை வெளிப்பக்கம் இழுத்தா சுமை பாதத்தைத் தாண்டிப் போயிடும், ஆள் கவிழ்வான். அதே கையை உடம்புப் பக்கமா, பாதத்தைப் பாத்து அழுத்துனா எவ்வளவு அழுத்தினாலும் நிப்பான். பாலமும் இப்படித்தான் நிக்குது. வாங்க, ஒருத்தரை ஒருத்தர் அழுத்திப் பாருங்க!"

அழுத்திப் பார்த்தார்கள். பூங்கா முழுவதும் வக்கீல்கள் விழுந்தார்கள், பேராசிரியர்கள் நின்றார்கள், பிறகு மாறி விழுந்தார்கள்.

"ஆனா எனக்கு நெசமாவே தலை தெளிஞ்சுதே!" என்றாள் ஒரு வங்கி அம்மாள், அழாத குறையாக.

"தெளியாம என்ன அக்கா? காலையிலேருந்து நாற்காலியில ஒட்டிக்கிட்டு இருந்தீங்க. எந்திரிச்சீங்க, போனைப் பைக்குள்ள போட்டீங்க, ரத்தம் ஓடுச்சு, கண்ணு தூரத்துல மரத்தைப் பாத்துச்சு. நடந்தது உங்க காலு. பேரு வாங்குனது ஆட்டு மயிரு."

இந்தக் களேபரத்தில் பெரியவர் காணாமல் போயிருந்தார். அவரும் நடந்துதான் போயிருப்பார், வேகமாக.

ஜெனிஷ் முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டினார். "பாலம் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் தரையைப் பார்த்து. பிறகு குரலைத் தாழ்த்தி, "அது சரி, மரத்தை வலது பக்கமா சுத்தணுமா, இடது பக்கமா?"

"எதிர்ல வர்ற வண்டியைப் பாத்து நடங்க அண்ணே. அது போதும்."

அவள் பனிமலை தெரியும் முனையை நோக்கிக் கிளம்பினாள். நாலடி போயிருக்க மாட்டாள், வங்கி அம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"தங்கச்சி, யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அந்த நாய் விரிப்புல மிச்சம் ஏதாவது இருக்கா?"

இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு, தங்கள் காலணியை ஒருமுறை கழற்றிப் பார்க்கட்டும். உள்ளே துண்டு இருந்தால், யார் சொல்லி வைத்தோம் என்று தலையைக் கேட்கட்டும். தலை பதில் சொல்லாவிட்டால் புத்தி ஒழுகியது உள்ளங்கால் வழியாக அல்ல, காது வழியாக.