நான் காலமான சனிக்கிழமை

ஒரு சனிக்கிழமை காலை சரியாக ஒன்பது பத்துக்கு நான் காலமானேன். அதை அறிவித்தவளும் நானேதான்.

என் மகன் வினோத் செல்போன் செயலி ஒன்றில் கடன் வாங்கிய விஷயம் அதற்கு நாற்பது நாள் முன்புதான் எனக்குத் தெரிந்தது. சிதம்பரத்தில் ஒரு கடையில் வேலை, மாதக் கடைசிக்கு எட்டாத சம்பளம். தவணை நின்றதும் வசூல்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். நான் அவனைக் கூப்பிட்டேன். பிள்ளைகளிடம் தினமும் பொறுமையைப் பற்றிப் பேசும் பள்ளி ஆசிரியை (சம்பளமே அதற்குத்தான்) அன்று கத்திய கத்தல் மஞ்சக்குப்பம் மைதானம் வரை கேட்டிருக்கும். "நான் செத்தாகூட நீ வரக் கூடாது!" என்று முடித்தேன்.

"சரிம்மா" என்றான். அதோடு அவன் எண் அணைந்துபோனது. சிதம்பரம் போய்ப் பார்த்தேன். வேலையிலிருந்து நின்றுவிட்டான் என்றார்கள் கடையில், அறையும் மாறியிருந்தது. வீட்டுக்கு வந்து, அவன் சாப்பிடாத தட்டைத் தினமும் எடுத்துக் கழுவி வைத்தேன்.

வசூல் போன் நாள் முழுக்க அடித்தது. "சிம்மை மாத்தித் தொலை" என்றார் என் கணவர். எப்படி மாற்றுவது? அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் இது ஒன்றுதான். அதனால் அறியாத எண் எது வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்தேன். வசூல்காரர்களின் பட்டியலில் அப்படி ஓடிவந்து எடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "வினோத்தா?" என்று ஒவ்வொரு முறையும் ஆசையாகக் கேட்பேன்.

"அவனத்தாம்மா நாங்களும் தேடுறோம்" என்பான் அந்த ஆள். (அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.)

அந்தச் சனிக்கிழமை கணவர் வழக்கம்போல் திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிருந்தார். போன் அடித்தது.

"வினோத்தா?"

"திங்கக்கெழம ஒங்க ஸ்கூல் வாசல்லயே வந்து நிப்போம். பசங்க முன்னாடி கேப்போம். என்னா டீச்சரம்மா, வரட்டுமா?"

என் தொண்டையிலிருந்து, எனக்கே அறிமுகமில்லாத ஒரு கிழட்டுக் குரல் வந்தது. "டீச்சரம்மா தவறிட்டாங்கப்பா."

"எப்போ?"

"இப்பதான்."

"இப்பதான வினோத்தான்னு கேட்டாங்க?"

"அதாம்பா அவுங்க கடைசியா பேசுனது."

போனை அணைத்து, அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். அடக்கம் செய்ததும் நானேதான். பத்து நிமிடம் நிம்மதி. பிறகுதான் உறைத்தது: வினோத் இப்போது கூப்பிட்டால்? போனுக்கு மறுபடி உயிர் கொடுக்கப் பயம்; கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. டப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்குத் தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. குறிஞ்சிப்பாடியிலிருந்து என் தம்பியும் அவன் மனைவி செல்வியும். தலைவிரிகோலமாக ஓடிவந்த செல்வி, கட்டிக்கொண்டு அழ ஆள் தேடி, என்னையே கட்டிக்கொண்டாள். எனக்கு உயிர் போயிற்று (இந்த முறை நிஜமாக). "எம் புள்ளைக்கு என்னாடி ஆச்சு?" என்று நானும் அலறினேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

கையில் துணிக்கடைப் பையோடு வாசலிலேயே நின்றுவிட்டான் தம்பி.

"அக்கா... நீ சாவலியா?"

"இல்லடா!"

"லோன்காரன் போன் பண்ணி, ஒங்க அக்கா செத்துட்டாங்களாமே, நெசமான்னு கேட்டான். ஒனக்குப் போட்டா சுவிட்ச் ஆஃப். வினோத் போன்ல இருந்த நம்பருக்கெல்லாம் அடிச்சிக் கேட்டுகினு இருக்கான்."

செல்வி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஐயோ, அண்ணி!" என்று கத்தி, இரண்டடி பின்னால் போனாள்.

பையில் இருந்தது கோடிச் சேலை. கல்யாணமானவள் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து வருகிற கடைசிச் சேலை. அழகான அரக்கு நிறம். இத்தனை வருடப் பொங்கலுக்கு அவன் எடுத்துக்கொடுத்த எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது. கடையில் திரும்ப வாங்கவில்லை. தூக்கிப் போடவும் யாருக்கும் துணிவில்லை. பீரோவின் அடித்தட்டில் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. எங்காவது புறப்படும்போது எந்தச் சேலை கட்டுவது என்று நான் யோசித்தால், "ஒன் தம்பி எடுத்தது இருக்கே" என்பார் கணவர். கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிட்டோம். தெரியாத எண் வந்தால் இன்றும் முதல் மணியிலேயே எடுக்கிறேன்.

அன்று பன்னிரண்டே முக்காலுக்கு வாசலில் ஆட்டோ நின்றது. வினோத்தின் அறை நண்பனுக்கும் லோன்காரனின் போன் போயிருக்கிறது. ஒரு மாதத் தாடியும் ஒரு காலில் மட்டும் செருப்புமாக வினோத் இறங்கினான். கத்தியும் வெண்டைக்காயுமாக நின்ற என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். ரொம்ப இளைத்திருந்தான்.

"நான் செத்தாகூட வரக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றேன்.

புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"நீதான் சாவலியேம்மா. அதான் வந்தேன்."