கோட்டைக்குப் போன பாதி ரயில்

ஒரு நாட்டைப் பற்றி வாய் கிழியப் பேசுவதற்கு அந்த நாட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பார்க்காமல் இருந்தால் இன்னும் வசதி. உண்மை என்று ஒன்று நடுவில் வந்து பேச்சைக் குழப்பாது. நான் ஜேர்மனியைப் பற்றி அப்படித்தான் பேசித் திரிந்தேன். லண்டன் ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு வாசலில் நிற்கும் தாய்மார் எல்லோருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், என்னிடம் பயண ஆலோசனை கிடைக்கும். "சிவப்பு லைட்டில றோட்டைக் கடக்காதைங்கோ. ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் பூட்டு, சனியே பால் வாங்கி வையுங்கோ. ரயில் ஒரு நிமிசம் பிந்தாது. அதைப் பார்த்து நீங்கள் மணிக்கூட்டைத் திருத்தலாம்."

இத்தனைக்கும் நான் ஜேர்மனிக்கு அதற்கு முதல் பல தடவை போயிருந்தேன். போய்ப் பார்த்தது என் மச்சாளின், அதாவது என் கணவருடைய அக்காவின், வீட்டுக் குசினியை. எங்கள் ஆட்களுக்கு வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சோபாவிலிருந்து எழும்பி இன்னொரு சொந்தக்காரர் வீட்டுச் சோபாவில் போய் உட்காருவது. பெண்களுக்கு அந்தச் சோபாவும் கிடையாது. மச்சாள் வீட்டுக்கு எப்போது போனாலும் அங்கே யாருக்காவது பிறந்தநாள், இல்லாவிட்டால் பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு. விமானத்தால் இறங்கி, சப்பாத்தைக் கழற்றும் முன்பே கையில் வெங்காயம் வந்துவிடும். (ஒரு முறை நாலு நாள் நின்று றோல்ஸ் மட்டுமே உருட்டிவிட்டு வந்தேன். படங்கள் இருக்கின்றன, றோல்ஸோடு.)

அந்தக் குசினிச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கும். அதில் மலை உச்சியில் ஒரு கோட்டை. கூர்க் கோபுரங்கள், சுற்றிவர மூடுபனி. மச்சாளின் ஊரிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. வெங்காயம் வெட்டியபடி அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கண்ணால் தண்ணீர் ஓடும். வெங்காயத்தால்தான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

ஆகவே அந்த வருடக் கலியாண நாளுக்கு என்ன வேண்டும் என்று கணவர் கேட்டபோது, நகையும் வேண்டாம், சீலையும் வேண்டாம் என்றேன்.

"கோட்டை காட்டுங்கோ. ஆனால் உங்கட அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது."

"கோட்டையோ? அது யாழ்ப்பாணத்திலயும் இருக்குத்தானே," என்றார் அவர். பிறகுதான் இரண்டாவது வசனம் அவருக்கு உறைத்தது. "அக்காவுக்குத் தெரியாமலோ? உமக்கென்ன விசரே?"

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. மச்சாள் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் செய்து உழைத்து, தம்பியை வெளிநாட்டுக்கு எடுத்துவிட்டவர். என் மனுசனுக்கு அக்கா என்றால் தாய் மாதிரி. அந்த மச்சாளின் சட்டம் ஒன்றே ஒன்று: ஜேர்மனிக்கு வரும் சொந்தக்காரன் அவர் வீட்டில்தான் சாப்பிட வேண்டும், அவர் வீட்டில்தான் படுக்க வேண்டும். ஒரு ஒன்றுவிட்ட தம்பி ஹோட்டலில் தங்கியது தெரிந்து, அந்தத் தம்பியின் மகள் கலியாணம் வரைக்கும் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்களோடும் அப்படி ஆகிவிட்டால் என் மனுசன் சோறு தண்ணி இறங்காமல் கிடப்பார். எல்லாம் தெரிந்துதான் கேட்டேன். ஒரே ஒரு நாள் கோட்டை பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

அரைமனதோடு அவர் சம்மதிக்க, ஒரு சனிக்கிழமை போய் இறங்கினோம். ஹோட்டல் அறைக்குள் பெட்டியை வைக்கவும் என் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. மச்சாளின் சனிக்கிழமை வீடியோ அழைப்பு. எடுக்காவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்று திரும்பத் திரும்ப எடுப்பார். கணவர் குளியலறைக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டார். நான் ஜன்னல் கேட்டின் சீலைக்கு முன்னால் நின்று சிரித்தேன்.

"என்ன பிள்ளை, லண்டனில மழையோ?"

"ஓம் மச்சாள், கொட்டுது."

"கேட்டின் புதுசு போல?"

"சேலில வாங்கினது, மச்சாள்."

அடுத்த நாள் காலை ரயில் நிலையத்தில் நின்றபோது நான் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டிருந்தேன். காரணம் இருந்தது. நாங்கள் ஏறவேண்டிய ரயில், நடுவழியில் ஒரு சந்தியில் இரண்டாகப் பிரியும். முன்பாதி கோட்டைக்குப் போகும். பின்பாதி போவது மச்சாளின் ஊருக்கு. லண்டனில் எங்கள் மெட்ரோபொலிட்டன் ரயில் லைனிலும் கிளைகள் உண்டு, ஆனால் அங்கே பாதைதான் பிரியும், ரயில் பிரியாது. இந்த விஷயத்தைத் தமிழ் வகுப்பு வாசலில் நான் எத்தனையோ பேருக்கு எச்சரித்திருக்கிறேன். "முன்னுக்கு ஏறவேணும், பின்னுக்கு ஏறினால் துலைஞ்சியள்!"

ரயில் பிந்தி வந்தது.

"பிந்தாது எண்டு சொன்னீர்?" என்றார் கணவர்.

"அது பிந்தேல்லை. உங்கட மணிக்கூடு முந்திப்போச்சு."

முன்பாதியில் ஏறினோம். நான் சொன்ன இடத்தில் அவர் இருந்தார். டிக்கெட், போன்கள், கைப்பை எல்லாம் அவர் மடியில். பதினொரு மணிக்கு ரயில் பிரியும் என்பது என் கணக்கு. பதினொரு மணிக்கு அது ஒரு நிலையத்தில் நின்று, ஒரு குலுக்குக் குலுக்கியது. "பாத்தீங்களே, இப்ப பிரிஞ்சிட்டுது," என்று அறிவித்தேன். அவர் தலையாட்டினார். (கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் நன்றாகச் செய்யும் வேலை அது.) பிந்தி வந்த ரயில் பிந்தித்தான் பிரியும் என்ற சின்னக் கணக்கு, இத்தனை பேருக்கு ஆலோசனை சொன்ன என் மண்டைக்குள் ஏறவில்லை.

அடுத்த நிலையம் வரும்போது எனக்குக் கழிவறைக்குப் போகவேண்டிய அவசரம். எங்கள் பெட்டிகளில் இருந்த கழிவறை பழுதாகிப் பூட்டிக் கிடந்தது. ஒரு பயணி, பின்னால் இருக்கும் பெட்டிகளைக் கையால் காட்டினார். உள்ளால் வழியில்லை, பிளாட்போமில் இறங்கித்தான் ஏறவேண்டும். "நீங்கள் அசையாதைங்கோ, சாமான் கவனம்," என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். ஏற்கனவே பிரிந்துவிட்ட ரயிலுக்குப் பின்னால் ஏன் இன்னும் பெட்டிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று நான் யோசிக்கவே இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரத்தைவிடப் பொல்லாத அவசரங்களும் இருக்கின்றன.

ஏறும்போது எனக்கு எதிராக ஆட்கள் பெட்டி படுக்கையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வயதான பெண்மணி என் கையைப் பிடித்து, முன்பக்கத்தைக் காட்டி, நீளமாக என்னவோ சொன்னார். மேலே ஒலிபெருக்கியும் அதையே சொன்னது போலிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே ஜேர்மன் சொல்லை அவருக்கு இரண்டு தரம் சொன்னேன். "டாங்க, டாங்க." என்ன அன்பான சனம் என்று நினைத்துக்கொண்டு கழிவறைக்குள் போனேன்.

வெளியே வந்தபோது ரயில் ஓடிக்கொண்டிருந்தது. முன்னுக்கு நடந்தேன். சாரதியின் கதவு வந்தது. பிழையான பக்கம் போலிருக்கிறது என்று திரும்பிப் பின்னுக்கு நடந்தேன். அங்கேயும் ஒரு சாரதியின் கதவு. நடுவில் நின்று தலையைச் சொறிந்தேன். ரயிலில் புருசனைத் தொலைத்தவர்கள் இருக்கலாம். நான் புருசன் இருந்த ரயிலையே தொலைத்துவிட்டு நின்றேன்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். ஆங்கிலம் தெரிந்தவர்.

"டிக்கெட்?"

"கணவரிடம் இருக்கிறது."

"கணவர் எங்கே?"

"முன்னால்."

அவர் முன்னால் எட்டிப் பார்த்துவிட்டு, மிகவும் அனுதாபமாகச் சொன்னார்: "அம்மணி, முன்னால் ஒன்றுமில்லை."

நான் அழுத அழுகையில் மனிதர் டிக்கெட்டையே மறந்துவிட்டார். கடைசி நிலையத்தில் இறங்கி அடுத்த ரயிலில் திரும்பலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்பதால் அது வர நெடுநேரம் ஆகும் என்றார். கடைசி நிலையம் எதுவென்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே!

மச்சாளின் ஊரில் இறங்கினேன். கடைகளெல்லாம் பூட்டு. (சனியே பால் வாங்கி வையுங்கோ!) கையில் போன் இல்லை, காசு இல்லை. பஸ் தரிப்பில் நின்ற ஒரு பெண்பிள்ளையிடம் போனை இரந்து வாங்கினேன். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, கணவரின் நம்பர் எனக்குப் பாடமில்லை. மகளின் நம்பரும் இல்லை. கண்ணை மூடி யோசித்தேன். டெலிபோன் கார்ட் சுரண்டிப் பேசிய காலத்தில் விரலால் அழுத்தி அழுத்தி மனதில் ஏறிய ஒரே ஒரு வெளிநாட்டு நம்பர் வரிசையாக வந்து நின்றது. மச்சாள் வீட்டு நம்பர்.

வேறு வழியில்லை. அழுத்தினேன். லைன் பிஸி, அங்கே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அழுத்தினேன். எடுத்தார்.

"மச்சாள்... நான்..."

"தெரியும். இப்பதான் தம்பி அழுதழுது கதைச்சவன். ஸ்டேசனிலயே நில். வாறன்."

காரில் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கேட்டின் வடிவாத்தான் இருந்தது," என்றார். காரை எடுத்தார். அந்தப் பயணம் முழுவதும் எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது.

அவருடைய வீட்டில் அன்றைக்கும் விருந்து. சுவிஸிலிருந்து சொந்தக்காரர் ஒரு வான் நிறைய வருகிறார்களாம். மேசையில் மலை மாதிரி றோல்ஸ் கறி. நான் கேட்காமலே கையைக் கழுவிக்கொண்டு நின்றேன். மச்சாள் சுருட்ட, நான் முட்டையில் தோய்த்துத் தூளில் பிரட்டினேன். சுவரில் கோட்டை தொங்கியது. மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன், அதற்குள் வேறென்னவோ வந்துவிட்டது.

"எனக்கு உந்தக் கோட்டையை ஒருக்காப் பாக்கவேணும் போல இருந்தது, மச்சாள். உங்களுக்கென்ன, நீங்கள் எத்தினை தரம் பாத்திருப்பியள்..."

மச்சாளின் கை நின்றது.

"நானோ? ஆர் என்னைக் கூட்டிக்கொண்டு போனது? லீவு வந்தால் லண்டன், லீவு வந்தால் சுவிஸ், லீவு வந்தால் பிரான்ஸ். நீங்களெல்லாம் வந்து குந்தினால் நான் கோட்டை பாக்கப் போறதே? கலண்டரில பாக்கிறதுதான்."

இத்தனை வருடமாக நான் அவருடைய குசினியில் மாட்டுப்பட்டிருக்கிறேன் என்றே நினைத்திருந்தேன். அவரும் அதே குசினியில்தான் மாட்டுப்பட்டிருந்தார், நாங்கள் வருகிறோம் என்பதற்காக. அவருக்காகவும் எனக்காகவும் சேர்த்து அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து வெங்காயமும் இல்லை.

"அப்ப நாளைக்கு ரெண்டு பேரும் போவமே?" என்றேன்.

"சமையல்?"

"உங்கட தம்பி இருக்கிறார்தானே."

பின்னேரம் அந்தத் தம்பி, என் மனுசன், வந்து சேர்ந்தார். முகம் முழுக்க மலர்ச்சி. "அக்கா அசையாமல் நிக்கச் சொன்னவ. நிண்டுகொண்டிருந்தனான். பிறகு காசு குடுத்து எடுத்த கோட்டை டிக்கெட், வீணாப் போகுதே எண்டு..." உள்ளே போயிருக்கிறார். வழிகாட்டியோடு மூலை முடுக்கெல்லாம் சுற்றியிருக்கிறார். என்னுடைய டிக்கெட்டை, தனியாக நின்ற ஒரு ஜப்பான்காரருக்குக் கொடுத்து, அவரைக் கொண்டு படமும் எடுத்திருக்கிறார்.

"எப்பிடி இருந்தது?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

கொஞ்சம் யோசித்தார். "கல்லு," என்றார். "நல்ல பெரிய கல்லு."

மறுநாள் திங்கட்கிழமை. மச்சாள் பட்டுச் சீலை உடுத்து, மேலே குளிர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். இந்த முறை சரியான பாதியில் ஏறி, ஏறிய இடத்தில் ஆணி அடித்த மாதிரி இருந்து, மலையேறிப் போனோம். வாசலில் பெரிய மரக்கதவு. பூட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பலகை. மச்சாள் வாசித்தார்.

"திங்கட்கிழமை பூட்டாம், பிள்ளை."

ஞாயிற்றுக்கிழமை எவையெல்லாம் பூட்டு என்று ஹரோ முழுவதற்கும் பாடம் நடத்தியவள் நான். திங்கட்கிழமையைப் பற்றி எனக்கு யாருமே சொல்லவில்லை. மச்சாளைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தால், அந்த மனுசி பட்டுச் சீலையோடு கோட்டை வாசற்படியில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நானும் பக்கத்தில் இருந்து சிரித்தேன். சமையலில்லாமல் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். கோட்டை பார்த்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்திருக்குமோ தெரியாது.

அதற்குப் பிறகு தமிழ் வகுப்பு வாசலில் என் கடை பூட்டியாயிற்று. இப்போது ஆலோசனை சொல்பவர் என் கணவர். எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் ஒரு மூலையில் நாலு பேரைச் சேர்த்துவைத்து, "கோட்டைக்குப் போறதெண்டால் நல்ல சப்பாத்துப் போடவேணும்" என்று ஆரம்பிப்பார். நாங்கள் மறுபடி போகவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் யாராவது வந்துவிடுகிறார்கள்.

என் மகளுக்கு இந்தக் கதை நல்ல வசதியாகப் போய்விட்டது. நான் விருந்துச் சமையலில் நிற்கும்போது யாராவது போனில் கேட்டால், "அம்மா பிஸி, கோட்டை பாக்கிறா" என்கிறாள். லண்டனிலிருந்து அது ஜேர்மனிக்கும் சுவிஸுக்கும் பரவி, இப்போது எங்கள் குடும்பத்தில் குசினிக்குள் நிற்கும் எல்லாப் பெண்களும் கோட்டை பார்க்கிறவர்கள்தான்.

போன சனிக்கிழமை மச்சாள் எடுத்தார். எனக்குப் பின்னால் அடுப்பில் மூன்று சட்டி.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"கோட்டை பாக்கிறன், மச்சாள்."

"நானும்தான்," என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இஞ்ச இண்டைக்குச் சரியான சனம்."