வீட்டுக்குப் பனிப்போர்வை போர்த்திய விவரம்

டாஃபின், மானிடோபா
நம் உக்ரேனியக் கிறிஸ்துமஸ் கழிந்த வாரம்

வான்கூவரில் குடையும் கையுமாக இருக்கும் மகள் லீசியாவுக்கு, இங்கே பனி வாரும் கரண்டியும் கையுமாக இருக்கும் சித்தப்பா வாசில் ஹுமெனியுக் ஆசீர்வதித்து எழுதியது. நான் நலம். என் இடது முழங்கால் நலமில்லை, ஆனால் அதற்குக் கடிதம் எழுதத் தெரியாது என்பதால் அதை விடு. உன் கணவருக்கும் உன் பூனைக்கும் என் அன்பு. வீட்டைச் சூடாக்கும் புது ஃபர்னஸ் எப்படி இருக்கிறது, கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சித்தியை முதியோர் இல்லத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வர முடிந்ததா என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். இரண்டும் ஒரே கேள்விதான் மகளே, எப்படி என்று சொல்கிறேன்.

பழைய ஃபர்னஸை உனக்குத் தெரியும். சின்ன வயதில் பேஸ்மென்டுக்குள் இறங்க மாட்டேன் என்று நீ அழுததே அதைப் பார்த்துத்தான். கேஸ் பற்றும்போது டம் என்று ஒரு சத்தம் போடும், மேலே சமையலறையில் இருந்தபடியே உன் சித்தி நாஸ்தியா "சரி, சரி, கேட்டுச்சு" என்று அதற்குப் பதில் சொல்லுவாள். இத்தனை காலமும் அதைக் கட்டிக் காத்தது நான் ஒருவன்தான். அதன் காற்றாடிக்கு அறுவடை இயந்திரத்தின் பெல்ட்டை வெட்டி மாட்டினேன், அதைப் பார்த்துப் படிப்பதற்கென்றே வின்னிபெக்கிலிருந்து இன்ஜினியர்கள் வந்து போனார்கள். ஒருவர் வந்தார். அவரும் வழி தவறி வந்தவர்தான், ஆனால் வெகுநேரம் பார்த்தார். இப்படி இருந்த ஃபர்னஸை, இலை உதிரும் காலத்தில், ரோண்டா பென்னர் என்கிற பெண் வந்து சோதித்தாள். கேஸ் வேலை பார்க்கிறவள், நாக்கு நீளம். உள்ளே டார்ச் அடித்துவிட்டு, "பெரியவரே, எரியிற பெட்டியில விரிசல் விட்டுப்போச்சு. விஷப்புகை வீட்டுக்குள்ள வரும்" என்றாள். "அது விரிசல் இல்லம்மா, பிறக்கும்போதே இருந்த மச்சம்" என்றேன். "மச்சத்துக்குள்ள என் விரல் போகுதே!" என்று போட்டுக் காட்டினாள். கேஸ் குழாயை மூடி, கொலைக் குற்றவாளிக்குக் கட்டுவது மாதிரி ஒரு சிவப்பு அட்டையையும் கட்டிவிட்டாள். நானும் நாஸ்தியாவும் இத்தனை நாள் இதோடு சேர்ந்துதானே மூச்சு விட்டோம் என்று கேட்டேன். அந்த நீள நாக்குக்காரி அட்டையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். மறுநாளே போய் டாக்டரைப் பார்த்தேன். நாஸ்தியாவுடைய மறதி இந்த விரிசல் வழியாக வந்ததா என்று கேட்டேன். இல்லை, அது வேறு நோய் என்றார். கேள்வியைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை கேட்டேன். அப்போதும் இல்லை என்றார். ஒவ்வொரு தடவையும் பாதி நம்பினேன், கூட்டிப் பார்த்தால் முழுசாக வந்துவிட்டது.

புது ஃபர்னஸ் ஒரு அலமாரி அளவுதான். இதற்குப் புகைக்கூண்டு வேண்டாமாம். பக்கத்துச் சுவரில், லைலாக் செடிக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்களை வெளியே நீட்டி வைத்தாள் ரோண்டா. ஒன்று மூச்சை இழுக்க, ஒன்று விட. "இந்தக் குழாய்கிட்ட எதுவும் அண்டக்கூடாது பெரியவரே, மனசுல வெச்சுக்கங்க" என்றாள். நாயையும் அணிலையும் சொல்கிறாள் என்று நினைத்து, "ஒரு ஈ அண்டாது" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன், ஈ அண்டவே இல்லை. ஆனால் சத்தம்தான் இல்லை லீசியா. இது எப்போது பற்றுகிறது எப்போது அணைகிறது என்று ஒன்றும் தெரிவதில்லை. வீட்டில் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

இனி விருந்துக்கு வருகிறேன். சித்தி இருக்கும் இல்லத்தில் தலைமை நர்ஸ் டெலோர்ம் அம்மா என்று ஒருத்தி, ஊரில் எல்லோரும் என் பேச்சுக்கு மயங்குவார்கள், இவள் ஒருத்தி மயங்க மாட்டாள். "வீடு சூடா இருந்தா சாயந்தரம் நானே வண்டியில கூட்டிட்டு வரேன், வாசில். இல்லன்னா இல்ல. குளிருதுன்னு சொல்லணும்னுகூட இப்ப அவங்களுக்குத் தோணாது" என்றாள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "அடுத்த வருஷம் அவங்களுக்கு வீட்டைப் பார்த்தா வீடுன்னு தெரியுமான்னு என்னால சொல்ல முடியாது. கூட்டிட்டுப் போகணும்னா இந்த வருஷம்" என்றாள். அப்புறம் நான் சும்மா இருப்பேனா? அப்பா எங்கள் பண்ணை வீட்டுக்குச் செய்ததைச் செய்தேன். முற்றத்துப் பனியை எல்லாம் வாரி நாலு சுவரையும் சுற்றி இடுப்பளவுக்கு அணைத்து, தட்டித் தட்டி இறுக்கி, அதன்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கண்ணாடி மாதிரி உறைய வைத்தேன். காற்று நுழைய ஊசி முனை இடம் கிடையாது. தெருவில் போகிறவர்கள் காரை மெதுவாக்கிப் பார்த்தார்கள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் தொப்பியைக் கழற்றியிருப்பார்.

விருந்து நாள் மதியத்துக்குள் பன்னிரண்டு பதார்த்தமும் தயார். பீட்ரூட் சூப், முட்டைக்கோஸ் சுருள், மீன், காளான், தேனும் கசகசாவும் போட்ட குத்தியாக் கோதுமை, எல்லாம் என் கையால். உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை மட்டும் கோயில் மகளிர் சங்கத்தின் கையால். அப்போதுதான் காலில் ஜில்லென்று ஏறியது. கீழே போய்ப் பார்த்தால் ஃபர்னஸ் உர் என்று ஆரம்பிக்கிறது, டிக் என்கிறது, நின்றுவிடுகிறது. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. புது ஃபில்டரை எடுத்துவிட்டுப் பழைய ஃபில்டரைப் போட்டேன், பழகிய முகம் வேண்டுமோ என்னவோ என்று. கூடவே வந்த புத்தகத்தைப் படித்தேன், பிரெஞ்சுப் பக்கம் வந்துவிட்டது, அதையும் விடாமல் படித்தேன். கெஞ்சினேன். உதைத்தேன், அதில்தான் முழங்கால் போனது. வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது டிகிரியையும் தாண்டிய குளிர். அடுப்பின் ஓவன் கதவைத் திறந்து வைத்துவிட்டு ரோண்டாவுக்குப் போன் போட்டேன். மாமியார் வீட்டு விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், நல்ல கவுனுக்கு மேல் வேலைக் கால்சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பேஸ்மென்டுக்குள் அவள் இறங்கவே இல்லை. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள், நின்றாள்.

"பெரியவரே, குழாய் எங்க?"

"எந்தக் குழாய்?"

"மூச்சு விடற குழாய்!"

நான் சுவரைப் பார்த்தேன். என் வேலைப்பாடு அத்தனை சுத்தம், குழாய் எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

"வீட்டுக்குப் போர்வை போத்துறேன்னு மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தி வெச்சிருக்கீங்களே! நல்லவேளை, அதுக்கு உங்களவிட புத்தி இருக்கு, மூச்சு முட்டினதும் தானா நின்னுடுச்சு."

"எங்கப்பா காலத்துல இப்படித்தாம்மா..."

"உங்கப்பா வீட்டுல புகை கூரை வழியாப் போச்சு. தள்ளுங்க, கோடாலி இருக்கா?"

நானும் அவளும் மாறி மாறி வெட்டினோம். அவள் நாலு வெட்டு வெட்டினால் நான் நாற்பது வெட்டினேன் என்று வைத்துக்கொள். குழாய் தெரிந்ததும் ஃபர்னஸ் சமத்தாகப் பற்றிக்கொண்டது. ஒரு டீ குடிக்கிற நேரம்தான், வீடு தொட்டில் மாதிரி வெதுவெதுப்பாகிவிட்டது. வானத்தில், விருந்துக்கு உட்காரச் சொல்லும் முதல் நட்சத்திரம் வந்தது, வாசலில் டெலோர்ம் அம்மாவின் வண்டியும் வந்தது.

வந்தாளே உன் சித்தி! நேரே போய்ச் சூடான காற்று வரும் தரைச் சல்லடை மேல் நின்றாள். பாவாடை பலூன் மாதிரி உப்பியது. கல்யாணமான புதிதில் நின்ற மாதிரியே நின்று சிரித்தாள். "என்ன வாசில், சத்தத்தையே காணோம், இது வேலை செய்யுதா?" என்றாள். செய்கிறது என்றேன். "நீ மாட்டினதா?" பாதி நான் என்றேன். "அப்ப மீதிப் பாதிதான் வேலை செய்யுது" என்றாள். டெலோர்ம் அம்மாவே சிரித்துவிட்டாள். சித்தி பன்னிரண்டையும் ஒன்று விடாமல் தொட்டுச் சாப்பிட்டாள். சூப்பில் வினிகர் அதிகம் என்று திட்டினாள், அந்தத் திட்டைக் கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா. அதிர்ஷ்டம் பார்க்கும் வழக்கப்படி ஒரு கரண்டி குத்தியாவை அவளே அள்ளிக் கூரையைப் பார்த்து எறிந்தாள், பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது, ஒரு கோதுமைகூடக் கீழே விழவில்லை. லீசியா மழையில் நனையாமல் இருக்கிறாளா என்று உன் பெயரைச் சொல்லிக் கேட்டாள். புறப்படும்போது கதவு நிலையைத் தடவிப் பார்த்து, "நம்ம வீடு நல்லா இருக்கு வாசில்" என்றாள். வேறு என்ன வேண்டும் சொல்?

ஆகவே நீ எதற்கும் கவலைப்படாதே. வீடு சூடாக இருக்கிறது, சித்தி சந்தோஷமாக இருக்கிறாள், நான் எப்போதும் போல இருக்கிறேன். கடவுள் உன் கூரையை ஒழுகாமலும் உன் அடுப்பை அணையாமலும் காக்கட்டும். பூனைக்குத் தனியாக ஒரு ஆசீர்வாதம்.

உன் சித்தப்பா
வாசில்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை சித்தியிடம் போனில் பேசும்போது விருந்தைப் பற்றிக் கேட்காதே. வாய் தவறிக் கேட்டுவிட்டால், தான் எங்கேயும் போகவில்லை என்பாள். அதையும் மறந்துவிட்டாளே என்று நினைத்து அவளைத் திருத்தாதே, லீசியா. அவள் சொல்வதுதான் சரி. ஐஸை வெட்டி முடிப்பதற்குள் நட்சத்திரம் வந்துவிட்டது. வீடு சூடேற அதற்குப் பிறகும் வெகுநேரம் ஆயிற்று. டெலோர்ம் அம்மாவுக்குப் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். "இன்னிக்கு வேண்டாம், வாசில்" என்றாள், திட்டக்கூட இல்லை. ரோண்டாதான் மாமியார் வீட்டுக்குப் போகாமல், கோட்டைக் கழற்றாமலே என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நாஸ்தியா மத்தியானத்திலிருந்தே கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு அங்கே இல்லத்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம், யாரையும் கழற்ற விடவில்லையாம். மறுநாள் காலையில் போனேன். நீங்க யாரு என்று கேட்டாள். சொன்னேன். "வாசிலா? அவன் நேத்து வரேன்னு சொன்னான். வரல" என்றாள்.