ஞாயிற்றுக்கிழமை மனைவி

திருமணம் என்பது இரண்டு பேர் ஒரே நாளில் செய்துகொள்ளும் காரியம் என்றுதான் உலகம் வெகுகாலமாக நம்பி வந்திருக்கிறது. இந்த நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை என்று நிரூபித்த பெருமை திருமணப் பதிவுத் துறையைச் சேரும். நிரூபித்தது கண்ணாடிக்காரியின் தலையை வைத்து.

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது அவள் வேலை. கடைசி வரி எழுத்து தெரிகிறதா என்று நாள் முழுக்க ஊராரைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தெரியாதவர்களும் தெரிகிறது என்றே சொல்வார்கள். அதனால் மனிதர்கள் மேல் அவளுக்குக் கொஞ்சம் சந்தேகமும் நிறையப் பொறுமையும் உண்டு. அவளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை கடல் கடந்த ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கல்யாணத்துக்கு லீவு கேட்டான். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், கப்பலைத் தள்ளிப்போட முடியாது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் துறை 'ஒரு சொடுக்கில் திருமணம்' என்ற இணையதளத்தைத் திறந்து வைத்தது. அப்போது எல்லாத் துறைகளும் எதையாவது ஒரு சொடுக்கில் செய்துகொண்டிருந்தன. குடிநீர்த் துறை ஒரே சொடுக்கில் புகார்களை வாங்கி, அடுத்த சொடுக்கில் அவற்றை முடித்து வைத்தது. இப்படி ஊரே சொடுக்கிக்கொண்டிருக்கும்போது திருமணத் துறை மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதன் மானம் என்னாவது? இணையதளம் வந்தது. வந்த வேகத்தில் அதற்கு விருதும் வந்தது. விருது வாங்கிய பொருளில் பிழை இருக்க முடியாது என்பது துறையின் அசைக்க முடியாத கொள்கை.

ஆகவே மாப்பிள்ளை அங்கேயும் பெண் இங்கேயுமாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவளுக்குத் திங்கட்கிழமை காலை. அவன் ஊரில் இன்னும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்து எண்ணி, 'சம்மதம்' என்ற பச்சைப் பொத்தானை இருவரும் ஒரே சமயத்தில் அழுத்தினார்கள்.

"நல்லா அழுத்துங்க, பாதியில நின்னுடப் போகுது" என்றாள் பக்கத்தில் இருந்த மாமியார்.

பாதியில் நிற்கவில்லை. திரையில் காகிதப் பூ கொட்டியது. அவள் மாமியார் வீட்டுக்குக் குடிபோனாள். கணவனும் மனைவியும் தினமும் திரையில் பார்த்துக்கொண்டார்கள். ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்ததில்லை. அந்த ஏக்கம் அவளுக்குத் தீரவே இல்லை. கடைசியில் துறைமுகக் கம்பெனி அவனுக்குக் குடும்பத்தோடு தங்க ஒரு வீடு ஒதுக்கியது. ஒரே நிபந்தனை: மாதக் கடைசிக்குள் மனைவி வந்து சேர வேண்டும். வராவிட்டால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எப்போது முறை வரும் என்று கம்பெனிக்கே தெரியாது.

மனைவி போக வேண்டுமென்றால் திருமணத் துறையின் பயண அனுமதி வேண்டும். கண்ணாடிக்காரி விண்ணப்பித்தாள். துணை இயக்குநர் அவளை நேரில் கூப்பிட்டார்.

துணை இயக்குநருக்கு அலுவலகத்தில் 'முறைப்படி' என்று பெயர். தும்மினாலும் முறைப்படி தும்முகிறவர். அவர் மேஜைக்குப் பின்னால் விருதுக் கேடயம் இருந்தது. எதிரே உட்கார்ந்தால் அவர் முகத்தைவிட அதுதான் முதலில் தெரியும்.

"அம்மா, உங்கள் கணவருக்குத் திருமணம் நடந்தது எந்தக் கிழமை?"

"திங்கட்கிழமை சார்."

"அது உங்களுக்கு. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை. பதிவில் தெளிவாக இருக்கிறது." திரையை அவள் பக்கம் திருப்பினார். கடைசி வரி வரைக்கும் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"சார், அவர் ஊர்ல அப்ப ஞாயிறு. எங்க ஊர்ல திங்கள் வந்துடுச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா எண்ணித்தான் அழுத்தினோம்."

"எண்ணியதற்குப் பதிவு இல்லை" என்றார் முறைப்படி. "இதை நிதானமாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு திருமணம் செய்திருக்கிறார். அன்றைக்கு உங்களுக்குத் திருமணமே ஆகவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவர் மணந்த பெண் நீங்கள் அல்ல. நீங்கள் வந்தது திங்கட்கிழமை. ஆகவே நீங்கள் இரண்டாவது மனைவி."

கண்ணாடிக்காரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"பதற வேண்டாம். இதற்கும் வழிமுறை இருக்கிறது. முதல் மனைவியிடம் ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் வாங்கி வந்துவிடுங்கள்."

"முதல் மனைவி யாரு சார்?"

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்? குடும்ப விவகாரங்களில் துறை தலையிடுவதில்லை."

"ஒருத்தருக்கு ரெண்டு மனைவி இருந்தா அது குத்தமில்லையா சார்?"

"குற்றம்தான். ஆனால் அது வேறு துறை."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மகனைத் திரையில் கூப்பிட்டு விசாரணை வைத்தாள்.

"டேய், உண்மையைச் சொல்லு. ஞாயித்துக்கிழமை என்னடா பண்ணினே?"

"காலையில சட்டை துவைச்சேன்மா. மத்தியானம் தேய்ச்சேன். சாயங்காலம் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்."

"யாரை?"

"இவளைத்தான்மா!"

"இவ திங்கக்கிழமைன்னு கவர்மென்ட்டே சொல்லுதேடா. கவர்மென்ட்டு பொய் சொல்லுமா?"

அன்றைக்கு மாமியார் அழுதாள். மறுநாள் யோசித்தாள். அதற்கடுத்த நாளிலிருந்து அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக்காரி மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. இதுவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கிறாளா? பாத்திரத்தை நங்கென்று வைத்திருக்கிறாளா? கண்ணாடிக்காரி குழாயைச் சரியாக மூடாமல் போனால், "மூத்தவளா இருந்தா இப்படி விட்டுட்டுப் போவாளா" என்று பெருமூச்சு விட ஆரம்பித்தாள். பிறக்கவே பிறக்காத ஒருத்தியிடம் குணத்தில் தோற்பது எவ்வளவு கேவலம் என்று கண்ணாடிக்காரிக்குத்தான் தெரியும். குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு ஒருமுறை நன்றாக அழுதாள். அதற்கும் ஒரு பெருமூச்சு கேட்டது.

துறை தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. 'மேற்படி கிரேன் ஓட்டுநரின் முதல் மனைவி எங்கிருந்தாலும் நேரில் வந்து தம் ஆட்சேபனையையோ ஆட்சேபனையின்மையையோ தெரிவிக்கவும்' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. இரண்டு பெண்கள் வந்து, கம்பெனி வீட்டில் எத்தனை அறை என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருத்தி லட்சணமாக இருந்ததாக மாமியார் கேள்விப்பட்டு, விலாசம் கிடைக்குமா என்று கேட்டாள்.

மாதம் தேய்ந்துகொண்டே வந்தது. கண்ணாடிக்காரி மறுபடியும் அலுவலகத்துக்குப் போய், இணையதளத்தை எழுதியவர் யாரோ அவரைக் கூப்பிட்டாக வேண்டும் என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுத்தாள். அவளை எழுப்புவதைவிட அவரைக் கூப்பிடுவது சுலபம் என்று கூப்பிட்டார்கள். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் நடுவயதுப் பெண்; எல்லாருக்கும் அவர் சாஃப்ட்வேர் மேடம். கழுத்தில் மூன்று அடையாள அட்டை தொங்கியது. மூன்றும் காலாவதியானவை.

"சார், இது ரொம்பச் சின்ன விஷயம்" என்றார் சாஃப்ட்வேர் மேடம். "ரெண்டு பேரும் ஒரே நொடியிலதான் அழுத்தியிருக்காங்க. நம்ம தளம் அந்த நொடியை எழுதி வெச்சுக்கல. அவங்கவங்க கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, 'இன்னைக்கு என்ன தேதி'ன்னு கேட்டு, அது சொன்னதை அப்படியே எழுதிக்கிச்சு. நான் அப்பவே சொன்னேன். நொடியைப் பொதுநேரத்துல எழுதி வெச்சுக்கணும். காட்டும்போது மட்டும் அந்தந்த ஊர்த் தேதியா மாத்திக் காட்டணும்."

"பொதுநேரம் என்றால் எந்த ஊர் நேரம்?"

"எந்த ஊரோடதும் இல்ல சார். எல்லா ஊருக்கும் பொது."

"அந்த நேரத்தில் எந்த அலுவலகம் திறந்திருக்கும்?"

"அலுவலகம் எல்லாம் கிடையாது சார். அது வெறும் கணக்கு."

"ஊரும் கிடையாது, அலுவலகமும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் நடந்த திருமணத்துக்கு யார் சாட்சி?" முறைப்படி நாற்காலியில் சாய்ந்தார். "மேலும், தளத்தில் கை வைத்தால் அதில் பிழை இருந்ததாக ஆகும். பிழை இருந்தால் விருதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்." சொல்லிவிட்டுத் தன்னையறியாமல் கேடயத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

வெளியே படிக்கட்டில் சாஃப்ட்வேர் மேடம் கண்ணாடிக்காரியைப் பிடித்தார்.

"அழாதீங்க. பிழையைச் சரி பண்ண எனக்கு அனுமதி இல்ல. பிழையைப் பயன்படுத்திக்க யாருக்கும் அனுமதி வேண்டியதில்ல."

"புரியல மேடம்."

"தளம் யார்கிட்ட தேதி கேக்குது? உங்க கம்ப்யூட்டர்கிட்ட. அது என்ன சொன்னாலும் நம்பும். உங்க கம்ப்யூட்டரோட தேதியை அந்த ஞாயித்துக்கிழமைக்குத் திருப்பி வெச்சுட்டு, புதுசா ஒருதரம் சம்மதத்தை அழுத்துங்க. அவ்வளவுதான்."

"அப்படி அழுத்தினா?"

"நீங்கதான் முதல் மனைவி."

கண்ணாடிக்காரி வீட்டுக்குப் போய்த் தேதியைத் திருப்பினாள். கணினி எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினாள். காகிதப் பூ கொட்டியது. பழைய பதிவு பழையபடியே இருக்க, பக்கத்தில் புதிதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி வந்து நின்றாள்: அதே பெயர், அதே முகம், அதே கையெழுத்து.

மறுநாள் முறைப்படி அவளை எழுந்து நின்று வரவேற்றார்.

"வாருங்கள், வாருங்கள். உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். உங்கள் பேரும் இரண்டாமவர் பேரும் ஒன்றாக இருக்கிறதே!"

"ஆமாம் சார்."

"முகத்திலும் கொஞ்சம் சாயல் இருக்கிறது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க சார்."

"நல்லது. நீங்கள் மூத்தவர் என்பதால் பயண அனுமதியில் உங்களுக்கே முன்னுரிமை. ஆனால் இரண்டாமவர் ஏற்கனவே விண்ணப்பித்திருப்பதால், உங்கள் பயணத்தில் தனக்கு ஆட்சேபனை இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டும்."

கண்ணாடிக்காரி அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். முறைப்படி அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது.

"இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா! உங்களுக்காகத் தன் வாழ்க்கையையே விட்டுக் கொடுத்திருக்கிறார். அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்."

"சொல்றேன் சார்."

அனுமதி வந்தது. துறை அத்துடன் விடாமல், வெளியூரில் இருப்பவரை மணந்த எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. கிழமை மாறியிருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் விடுபட்ட கணவனையோ மனைவியையோ கண்டுபிடித்துப் பதிவு செய்யச் சொன்னது. வீட்டுக்கு வீடு சண்டை நடந்தது; சண்டை முடிந்து பதிவும் நடந்தது. அந்த ஆண்டு ஊரில் திருமணங்கள் இருமடங்காகிவிட்டதாகக் கணக்குக் காட்டி, துறை இன்னொரு கேடயம் வாங்கியது. மேடையில் முறைப்படி பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய மருமகன் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டு, சனிக்கிழமை உங்கள் மகளுக்கு நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை யார் என்று கேட்டதாகச் சொல்கிறார்கள். குடும்ப விவகாரம் என்பதால் அதில் யாரும் தலையிடவில்லை.

கண்ணாடிக்காரி மாதக் கடைசிக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள். கம்பெனி வீட்டில் ஒரு சின்ன மேஜை, இரண்டு நாற்காலி. ஜன்னல் வழியே கிரேன்களின் தலை தெரிந்தது. அவளே டீ போட்டாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எத்தனை நாள் கனவு! அவனுடைய முழங்கால் மேஜைக்கடியில் அவள் முழங்காலில் இடித்தது. திரையில் இப்படி ஒருநாளும் இடித்ததில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

அப்போது பார்த்து மாமியார் கூப்பிட்டாள்.

"மூத்தவளே, நல்லபடியா போய்ச் சேர்ந்தியா? நீ தங்கம்மா. இங்கே இருக்காளே இன்னொருத்தி, அவளைப் பத்தி என்னத்தைச் சொல்ல. பதிவுல பார்த்தா இந்த வீட்டுலதான் இருக்கா. இத்தனை நாள்ல எனக்கு ஒரு வாய் டீ போட்டுத் தந்திருப்பாளா? எட்டிக்கூடப் பார்க்கல."

"விடுங்க அத்தை. அவ எப்பவுமே அப்படித்தான்" என்றாள் கண்ணாடிக்காரி. சொல்லும்போது நெஞ்சுக்குள் குளிர்ந்தது. மூத்தவள் என்று மாமியார் வாயால் கேட்க யாருக்குத்தான் கசக்கும்?

போனை வைத்த பிறகு கிரேன்காரன் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல. அவளும் பாவம்தான். ஆட்சேபனை இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு, அங்கே தனியா..."

கண்ணாடிக்காரி கோப்பையை மேஜையில் நங்கென்று வைத்தாள்.

"அவ மேல உங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை?"