மாஸ்டரின் கை நடுக்கம்

தன் கை நடுங்க வேண்டும் என்று மாஸ்டர் காலையிலேயே முடிவு செய்துவிட்டார்.

முழங்கால் மூட்டை மாற்றி வீட்டுக்கு அனுப்பும்போது, ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டி நிறைய ஊசி கொடுத்திருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒன்று, தொப்புளை விட்டுத் தள்ளி, வயிற்றில். போட வேண்டியது அவரேதான். பல் துலக்கச் சொல்வது போல நர்ஸ் சொன்னாள்.

"ஒரு நாள்கூட விட்டுடாதீங்க சார். கால்ல ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போச்சுன்னா ஆளையே கொண்டுபோயிடும்."

போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். அலமாரியில் இருந்த அந்தப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க மாஸ்டருக்கு வாழ்க்கையே வெறுத்துப்போனது.

இத்தனைக்கும் மற்றவர்களின் பயத்தைப் போக்குவதுதான் அவர் பிழைப்பு. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவர் காரில் ரெண்டு பிரேக். ஒன்று கற்றுக்கொள்பவர் காலடியில், இன்னொன்று அவர் காலடியில். எப்படியும் மாஸ்டர் பிடித்துவிடுவார் என்ற தைரியத்தில் சிலர் தங்கள் பிரேக்கைத் தொடவே மாட்டார்கள். அவர்களுக்கென்று ஒரு வித்தை வைத்திருந்தார். காலி மைதானத்தில் கார் போய்க்கொண்டிருக்கும்போது, "அடடா, என் பக்கத்து பிரேக் வேலை செய்யலையே" என்பார். அடுத்த நொடி அவர்கள் கால் தானாகப் பிரேக்கில் ஏறிவிடும். இந்தப் பெருமையை மனைவியிடம் அளந்து அளந்தே சாப்பாடு ஆறிப்போன நாட்கள் உண்டு. அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

மனைவி முன் அறையில் மெஷின் போட்டுத் தைப்பவள். நாளெல்லாம் ஊசியோடு புழங்குகிறவள் இதையும் போட்டுவிட்டால் என்ன? ஆனால் பயமாக இருக்கிறது என்று அவளிடம் வாய் விட்டுச் சொன்னால் மானம் கப்பலேறிவிடும். கை நடுக்கம் என்றால் அது உடம்புக் கோளாறு. அதில் மானக்கேடு இல்லை.

டீ டம்ளரை வாங்கும்போதே ஆரம்பித்தார். பாதி டீ பனியனில் கொட்டியது.

"என்னங்க ஆச்சு?"

"கை நடுங்குது. ஆபரேஷன் ஆனதுலேருந்து இப்படித்தான்."

"ஆபரேஷன் கால்லதானே?"

"நரம்பெல்லாம் ஒண்ணுக்கொண்ணு தொடர்புதானே."

"எந்தக் கை?"

மாஸ்டர் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. "ரெண்டும்தான்."

"அட பாவமே. அப்ப ஊசியை எப்படிப் போடுவீங்க?"

"அதான் நீ போட்டுடேன். உனக்குப் பழக்கம்தானே."

"துணி கத்தாதுங்க."

"நானும் கத்த மாட்டேன்."

"சரி, போடறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். மாஸ்டரோ நிம்மதியில் இன்னொரு டீ கேட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் நடுங்க மறந்தது நினைவுக்கு வந்தது. அவள் மெஷினில் குனிந்திருந்தாள். பார்த்திருக்க மாட்டாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஏழு மணி ஆனது. நாற்காலியில் காலை நீட்டி, பனியனைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். அவள் கை கழுவினாள். பஞ்சால் வயிற்றைத் துடைத்தாள். ஊசியின் மூடியைக் கழற்றினாள். கழற்றியதும் அவள் கை தந்தியடிக்க ஆரம்பித்தது.

"உன் கை ஏன் ஆடுது?"

"தெரியலைங்க. உங்க வயித்தைப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"கல்யாணம் ஆன நாளா பாக்கற வயிறுதானே?"

"இவ்வளவு பக்கத்துல பாத்ததில்லையே. தொப்புளுக்கு ரெண்டு விரல் தள்ளின்னா, உங்க விரலா, என் விரலா?"

"யாரோட விரலோ, தள்ளிப் போட்டா சரி. ஏய், கண்ணை ஏன் மூடறே?"

"ரத்தம் வந்தா மயக்கம் வருங்க. நீங்க வழி சொல்லுங்க, நான் வரேன். இடது பக்கமா, வலது பக்கமா?"

ஊசி முனை அவர் வயிற்றுக்கு மேலே இடம் தேடி வட்டமிட்டது. எழுந்து ஓடலாம் என்றால் முழங்கால் விடாது. தன் கதை இந்த நாற்காலியிலேயே முடியப்போகிறது என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

"இன்னைக்கு மட்டும் விட்டுடலாமே," என்றார் ஈனஸ்வரத்தில்.

"நர்ஸ் சொன்னது மறந்துபோச்சா? உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

அவள் குரல் கம்மியது. மாஸ்டருக்கு அதைக் கேட்க என்னவோ போலிருந்தது. என்னவோ போலிருந்து முடிப்பதற்குள், கண்ணை மூடியபடியே அவள் ஊசியை இறக்க வந்தாள்.

"குடு இப்படி," என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து ஊசியைப் பிடுங்கினார். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்தார். நேராகக் குத்தினார். கட்டை விரலால் மெதுவாக அழுத்தி, மருந்து முழுவதும் இறங்கியதும் வெளியே எடுத்தார். கை ஒரு நூல்கூட அசையவில்லை. பெரிதாக வலிக்கவும் இல்லை. இதற்கா இத்தனை பாடு என்று அவருக்கே அவமானமாக இருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். தீர்ந்த ஊசியை வாங்கி டப்பாவில் போட்டு மூடிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். நூல் முனையை நாக்கில் நனைத்து, ஊசிக் காதில் ஒரே தடவையில் கோத்தாள்.

மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உன் கை நடுக்கம் என்ன ஆச்சு?"

"அது ஒண்ணுமில்லைங்க," என்றாள் தலை நிமிராமல். "என் பக்கத்து பிரேக் இன்னைக்கு வேலை செய்யலை."

மாஸ்டர் தூக்கிய பனியனை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார்.

"உங்க பக்கத்து பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. நாளைக்கும் ஏழு மணிதான். அந்த டீக்கறை பனியனையும் நீங்களே துவைச்சிடுங்க."