மலைத் தேனீயின் சிறகு

அது நடந்த வருஷம் எழுபத்தெட்டா, எண்பதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆய்வு மாணவன் ராஜாக்கண்ணுவின் கோபத்தை மட்டும் கூட்டிச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

"இதுவும் அதேதான்" என்று அவன் நுண்ணோக்கியைத் தள்ளினான்.

மலைமேல் ஜமுனாமரத்தூரில், ஊர்க்காரர் வேடியப்பன் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தான். தேனீயின் சிறகில் நரம்புகள் கூடும் புள்ளிகளை அளந்தால் சிறகின் வடிவம் பிடிபடும். வடிவம் மாறினால் இனமும் பிரிந்திருக்கிறது என்று வாதிடலாம். மலைத் தேனீ வேறு, அடிவாரத்துப் போளூர்த் தேனீ வேறு என்பது அவன் ஆய்வு. "ரெண்டும் ஒண்ணுதான்யா" என்று பேராசிரியர் அருணகிரி எல்லார் முன்னிலையிலும் சிரித்திருந்தார். நிரூபிக்காவிட்டால் ஆய்வுப் படிப்பே முடிந்தது.

போளூர்த் தேனீக்களை அவனே பிடித்து அளந்தான். கொட்டு வாங்கி முகம் வீங்கியதில், மலைத் தேனீ பிடிக்கும் வேலையை வேடியப்பனிடம் விட்டான். அவரும் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்தார். எல்லாம் அச்சு அசல் போளூர்ச் சிறகுகள்.

"எங்கதான் புடிக்கிறீங்க?"

"நல்ல எடத்துலதான் சார்."

கருவியில் கோளாறு என்று அதைக் கழற்றினான். திரும்பப் பூட்டியபோது ஒரு திருகு மிஞ்சியது. சிறகு இரண்டாகத் தெரிந்தது.

"இப்பவாச்சும் வேற மாரி தெரியுதா சார்?"

"யோவ், வாய மூடுய்யா."

ஒரு வழியாகச் சரிசெய்துவிட்டு, இன்னும் உள்காட்டுத் தேனீ வேண்டும் என்று கத்தினான். வேடியப்பன் மறுநாள் பஸ்ஸிலிருந்து டப்பாவோடு இறங்கினார்.

"காட்டுக்கு எதுக்குய்யா பஸ்ஸு?"

"தூரம் சார்."

அதையும் அளந்தான். அதே சிறகு. பல்லைக் கடித்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு நடந்து, பேராசிரியருக்கு ட்ரங்க் கால் போட்டான்.

"சார், நீங்க சொன்னதுதான் சரி. ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப ஆராய்ச்சிய விட்டுட்டு வேற பொழப்பப் பாரு" என்றார் அருணகிரி.

வீடு திரும்பி, சிறகுகள் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளை எல்லாம் குப்பைமேட்டில் வீசி உடைத்தான். பெட்டியை இழுத்துக் கட்டும்போது வேடியப்பனின் மனைவி சின்னக்குழந்தை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா சார், கெளம்பிட்டீங்க? சாமிக்குப் படைக்காம நம்ம மலைக் கூட்டுல கை வெக்கக் கூடாதுங்க. இல்லன்னு சொன்னா உங்க மனசு நோவுமேன்னு, இத்தினி நாளும் இவரு போளூர் தோப்புக்குப் போய்ப் புடிச்சாந்தாரு. நாளைக்குப் பூசை. அப்பறம் மலைத் தேனீயே தர்றோம்."

அன்றைக்கே மலை இறங்கிய ராஜாக்கண்ணு பின்னாளில் ஆரணியில் உரக்கடை வைத்தான். அருணகிரி ஓய்வு பெற்றார். வேடியப்பனும் சின்னக்குழந்தையும் மலையிலேயே இருந்தார்கள். பூசை மறுநாள் நல்லபடியாக நடந்தது.