நவகிரகமும் ஐந்து மீட்டர் வயரும்

காஞ்சிபுரத்தில் கனம் என்பது பாராட்டு. புடவையைக் கையில் வாங்கிய பெண்கள் "நல்லா கனமா இருக்குதுபா" என்று சொன்னால் பட்டுக்கடை வைத்திருக்கும் என் அப்பாவின் முகம் மலர்ந்துவிடும். நான் பார்க்கும் வேலையில் அதே கனம்தான் வசை. தலையில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட்டை யாராவது "கனமா இருக்குது" என்றால் அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

(வி.ஆர். என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கண்ணை முழுசாக மூடிக்கொண்டு இல்லாத ஊரில் நடமாட ஒரு கண்ணாடி. காசு கொடுத்து மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் விசேஷம்.)

சில வருஷங்களுக்கு முன் எனக்குப் பவித்ராவைப் பேசி முடித்திருந்தார்கள். 'முடித்திருந்தார்கள்' என்பது கொஞ்சம் அதிகம். பவித்ராவின் அத்தை, வாலாஜாபாத் சரோஜா அத்தை, இன்னும் தலையாட்டவில்லை. தன் அக்காவான அவர் தலையாட்டாமல் பவித்ராவின் அப்பா வீட்டில் கேஸ் சிலிண்டர்கூட மாற்ற மாட்டார். அத்தைக்கு இருந்தது ஒரே சந்தேகம்.

"பையன் என்ன வேலை செய்யறான்? கேட்டா, இல்லாதத இருக்குற மாதிரி காட்டறேன்றான். அதுக்கெல்லாம் புடிச்சு உள்ள போடுவாங்கபா."

எனக்கோ பவித்ராவை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அத்தை உதட்டைப் பிதுக்கினால் எல்லாம் போச்சு. முகூர்த்தப் புடவை எடுக்க இரண்டு குடும்பமும் எங்கள் கடைக்கு வருவதாக இருந்தது. அன்றைக்கே வேலையைக் கண்ணால் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். (யாரும் கேட்கவில்லை. எனக்கே தோன்றிய யோசனைதான்.)

அலுவலகத்துக்காக அப்போது நான் ஒரு சிவன் கோயிலைக் கணினியில் கட்டிக்கொண்டிருந்தேன். அதைக் காட்ட எங்களிடம் இரண்டு ஹெட்செட்டுகள். ஒன்றில் வயர் கிடையாது. இஷ்டத்துக்கு நடக்கலாம், ஆனால் படம் கொஞ்சம் மங்கல், பேட்டரி கனத்தில் கழுத்து வலிக்கும். இன்னொன்று லேப்டாப்போடு ஐந்து மீட்டர் வயரால் பிணைந்தது. படம் பளிச்சென்று இருக்கும். தூணில் உளி பட்ட தடம்கூட அத்தைக்குத் தெரியவேண்டும் என்று நான் வயரைத் தேர்ந்தெடுத்தேன்.

கடை நடுவில் மெத்தை விரிப்பு. அதன் மத்தியில் அப்பா, அவர் மடியிலும் பக்கத்திலும் பிரித்த புடவைகள். முன்னால் இருந்த கல்லாப்பெட்டி மேல் லேப்டாப்பை வைத்துவிட்டு, அத்தையின் மல்லிகைப்பூ நசுங்காமல் ஹெட்செட்டை மாட்டிவிட்டேன்.

"என்னப்பா, குக்கர தல மேல கவுத்த மாதிரி இருக்குது?"

"அடுத்த மாடல் லேசா வருது அத்தை."

"அப்ப கல்யாணத்தயும் அடுத்த மாடல் வந்தப்புறம் வச்சுக்கலாமா?"

பவித்ரா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் அவசரமாகக் கோயிலைத் திறந்தேன். அத்தை அப்படியே நின்றார். "சிவ சிவா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பவித்ராவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். அந்தப் புருவம் இறங்குவதற்குள் அத்தை நடக்க ஆரம்பித்துவிட்டார்.

கோயிலில் நவகிரக மேடை வைத்திருந்தேன். அது எங்கள் கடையில் சரியாக அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து அமைந்துவிட்டது. நவகிரகத்தைக் கண்டால் எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா கும்பிட்டுவிட்டு நகரமாட்டார்கள். ஒன்பது சுற்று சுற்றவேண்டும். சுவரில் மோதாமல் இருக்க மெஷின் கம்பிக்கட்டம் மாதிரி எச்சரிக்கை காட்டும். அத்தை அதைப் பார்த்து, "இங்கயும் க்யூவுக்கு கம்பி போட்டுட்டானுங்க" என்று முணுமுணுத்து, அதை ஒட்டியே பிரதட்சிணம் போனார்.

"அத்தை, நில்லுங்க!" என்று கத்தினேன்.

"டேய், சுத்திக்கினு இருக்கறவங்கள நடுவுல நிறுத்தாத. கல்யாண வேள!" என்று அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். பெற்ற தாய்.

முதல் சுற்றில் வயர் அப்பாவின் மார்பில் படிந்தது. இரண்டாவதில் அவர் கையோடு சேர்த்துக் கட்டியது. வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். மாப்பிள்ளையும் சுற்றுகிறான் என்று நினைத்துப் பவித்ராவின் அப்பாவும் பக்தியோடு எங்கள் பின்னால் சேர்ந்துகொண்டார். என் அப்பா மட்டும் அசையவில்லை. "ஒம்போதுதானேபா, ஆயிடும்" என்று எனக்கே தைரியம் சொன்னார்.

வயர் குறையக் குறைய வட்டமும் சின்னதானது. ஐந்தாவது சுற்றில் அத்தை நவகிரக மேடைக்குள்ளேயே காலை வைத்துவிட்டார்.

"ஐயையோ! சனீஸ்வரன மிதிச்சிட்டேன்பா!"

துள்ளினார். அப்பா மேல் சாய்ந்து, புடவைக் குவியலில் விழுந்தார். வயர் இழுத்த இழுப்பில் லேப்டாப் தரையில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டது.

கல்யாணப் புடவை எடுக்க வந்த இடத்தில் சனி பகவானை மிதிப்பது விளையாட்டா? பவித்ராவின் கண் கலங்கியிருந்தது. அத்தை ஹெட்செட்டைக் கழற்றினார். நெற்றி விபூதி முழுக்க அதன் ஸ்பாஞ்சில் இருந்தது.

"அந்தக் கோயில நீயே கட்டினியா?"

"ஆமாங்க அத்தை."

"சனீஸ்வரன வச்சதும் நீதானா?"

"ஆமா."

"கல்லுல வச்சிருந்தா கால்ல தட்டியிருக்கும், நான் நின்னிருப்பேன். நீ காத்துல வச்சிருக்கிற. அப்ப தோஷம் எனக்கு இல்ல, உனக்குத்தான். சனிக்கிழம சனிக்கிழம போயி எள்ளு விளக்கு போடு. நான் பாக்கி வச்ச சுத்தையும் நீயே சுத்து."

"மொதல்ல என்ன அவுத்து விடுங்கபா" என்றார் அப்பா.

அத்தை எழுந்து சேலையை உதறிக்கொண்டார். பிறகு, தான் விழுந்த குவியலைத் திரும்பிப் பார்த்தார். "அந்த அரக்கு கலரு, விழறப்ப கையில பட்டுச்சு. நல்ல கனம். அதயே எடுத்துருங்க."

புடவை எடுத்தாகிவிட்டது என்றால் பெண்ணைக் கொடுத்தாகிவிட்டது என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பவித்ராவுக்கு உடனே புரிந்து, எனக்கு முன்னால் சிரித்தாள்.

கல்யாணத்தில் நாங்கள் அக்னியை வலம்வர எழுந்தபோது, மேளச் சத்தத்தையும் மீறி, "மாப்ள, வயர் பாத்து!" என்று அத்தை குரல் கொடுத்தது வீடியோவில் அப்படியே பதிவாகியிருக்கிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எதைச் சுற்றினாலும் இதே எச்சரிக்கைதான். வாலாஜாபாத் பக்கத்தில் நான் கோயில் கட்டுகிறவன் என்றே பேச்சு. இரண்டு ஊர்க்காரர்கள் பிள்ளையார் கோயிலுக்குச் செலவு விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த தலைமுறை ஹெட்செட் பற்றி அலுவலகத்தில் இப்போதும் சண்டை போடுகிறோம். லேசாக வேண்டும் என்றால் பேட்டரி சீக்கிரம் தீரும், வயர் வேண்டாம் என்றால் படம் குறையும், எல்லாமே வேண்டும் என்றால் விலை யாருக்கும் எட்டாது. அத்தை இந்தக் கணக்குக்கெல்லாம் மசிவதில்லை. புதிதாக ஒன்று வருகிறது என்று எங்காவது கேள்விப்பட்டால் போன் வந்துவிடும்.

"இதுலயாச்சும் கால்ல கல்லு தட்டுமா மாப்ள?"

"இன்னும் அது வரல அத்தை."

"அப்ப நீ விளக்கு போட்டுக்கினே இரு."

போன சனிக்கிழமையும் போட்டேன்.